மேபலின் சிவப்புத் தொப்பி

மார்ஸ்டன் ஊரில் பெர்னிஸ் கஸ்லோவ்ஸ்கியின் திட்டு வாங்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. முப்பது வருடமாக அவள் பள்ளிக்கூடத்தின் மஞ்சள் பஸ்ஸை ஓட்டுகிறாள். கடைசி இருக்கையில் ஒருவன் இன்னொருவன் காதைத் திருகினால், ஸ்டியரிங்கைவிட்டுக் கையை எடுக்காமல், தலையைத் திருப்பாமல், "உட்காருடா!" என்பாள். திருகியவனும் திருகப்பட்டவனும் சேர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். அந்தக் குரலைக் கேட்டு வளர்ந்தவர்கள் இப்போது ஊரில் போலீஸ்காரராகவும் பாதிரியாராகவும் இருக்கிறார்கள். இன்றைக்கும் அவள் கத்தினால் அவர்கள் கால் தானாக மடங்கும் என்று சொல்வார்கள்.

கோடை விடுமுறையில் பஸ் ஓடாது. அப்போது அந்தக் குரல் முழுவதும் ஹெரான்ஸுக்குப் போய்விடும்.

ஹெரான்ஸ் என்பது மார்ஸ்டனின் பேஸ்பால் அணி. நீலத் தொப்பி, அதில் ஒற்றைக் காலில் நிற்கும் கொக்கு. பெரிய அணிகளுக்குப் போக ஏங்கும் பையன்களும், பெரிய அணிகளில் இருந்து இறக்கிவிடப்பட்டவர்களும் சம்பளத்துக்கு ஆடும் சின்ன லீக். ஈரி ஏரிக் காற்று மைதானத்துக்குள் வீசினால் நம் ஆள் அடித்த பந்தைத் திருப்பி அனுப்பும். வெளியே வீசினால் எதிராளி அடித்ததைத் தூக்கிக்கொண்டு போகும். அப்படித்தான் மார்ஸ்டனில் சொல்வார்கள், தோல்விக்கு ஏதாவது காரணம் வேண்டுமே. பெர்னிஸ் தன் கல்யாணத்தை ஹெரான்ஸ் வெளியூர் போயிருந்த வாரமாகப் பார்த்துத்தான் வைத்தாள். மகள் கோலீன் வயிற்றில் இருந்தபோது வலி எடுத்ததும் மைதானத்தில்தான். கணவர் காரைக் கிளப்பிவிட்டார். அவளோ இந்த இன்னிங்ஸ் முடியட்டும் என்று உட்கார்ந்திருந்தாள். கணவர் போய்ச் சேர்ந்து சில வருடங்களாகின்றன. மூன்றாவது பேஸ் பக்கம் அவர் இருக்கை காலியாக இல்லை. அதில் பல் டாக்டர் ஆஸ்கர் லின்ட் உட்கார்கிறார். "காலியா விட்டா அவருக்கே பிடிக்காது, டிக்கெட் காசு வீணாச்சேன்னு புலம்புவாரு" என்று பெர்னிஸ்தான் அவரை அங்கே உட்கார வைத்தாள்.

இந்த வருடம் ஹெரான்ஸ் மகா மோசம். பிடிக்க வேண்டிய பந்தைத் தவற விட்டார்கள், விட வேண்டிய பந்தைத் துரத்தி அடித்தார்கள். ஜூலை வந்தபோது பட்டியலின் அடியில் இருந்தார்கள். அவர்களுக்குத் துணையாக அதே அடியில், அதே கணக்கில், இன்னொரு அணியும் இருந்தது. கெல்பர்ன் ஹேமர்ஸ். சிவப்புத் தொப்பி, அதில் ஒரு சுத்தியல். ஒரு மணி நேரக் கார்ப் பயணத்தில் இருக்கும் ஊர்.

அந்த ஊரில்தான் கோலீன் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள்.

மருமகன் வெஸ் நல்ல பையன். கூரை வேலை செய்கிறான், யாரிடமும் குரல் உயர்த்த மாட்டான். பெர்னிஸுக்கு அவன்மேல் ஒரு குறையும் இல்லை, அவன் அப்பாவைத் தவிர. அப்பா ஹார்லன் டிட்மர், கெல்பர்னில் குழாய் ரிப்பேர்க்காரர். ஹேமர்ஸ் ஜெயித்தால் அன்று குழாய் வேலைக்குக் கூலி வாங்க மாட்டார். "அதனாலதான் இந்த வருஷம் அந்தாளு கையில காசு புரளுது" என்று பெர்னிஸ் சொல்வாள்.

இந்த வசந்தத்தில் கோலீனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மேபல் என்று பெயர் வைத்தார்கள். பெயரில் சண்டை இல்லை. சண்டை தொப்பியில் வந்தது.

இந்தப் பக்கத்தில் குழந்தைக்குப் போடும் முதல் தொப்பிதான் அது எந்த அணியின் பிள்ளை என்று சொல்லும். பிறகு அது எங்கே படித்தாலும் யாரைக் கட்டிக்கொண்டாலும் அந்த அணி மாறாது. ஞானஸ்நானத்துக்கு வந்திருந்தபோதே ஹார்லன் கோட்டுப் பையிலிருந்து உள்ளங்கை அளவு சிவப்புத் தொப்பியை எடுத்தார். பெர்னிஸ் கைப்பையிலிருந்து அதே அளவு நீலத் தொப்பியை எடுத்தாள். பாதிரியார் இருமினார். கோலீன் இருவரையும் வெளியே தள்ளிக்கொண்டு போய்த் தீர்ப்புச் சொன்னாள்.

"ரெண்டு பேரும் கேட்டுக்குங்க. ஜூலையில பாதி சீசன் முடியறப்ப எந்த அணி மேல இருக்கோ, அந்தத் தொப்பி. அதுவரைக்கும் என் பொண்ணு தலையில வெள்ளைத் துணித் தொப்பிதான். மீறினா ரெண்டு பேருக்கும் குழந்தை கிடையாது."

"மேல இருக்கோன்னு சொல்லாதே கண்ணு. எது கொஞ்சம் கம்மியா கீழ இருக்கோன்னு சொல்லு" என்றார் ஹார்லன்.

எல்லோரும் சிரித்தார்கள். பெர்னிஸும் சிரித்தாள். ஆனால் அவளுக்கு அது விளையாட்டு இல்லை. மேபல் கெல்பர்னில் வளரப் போகிறாள். ஹார்லன் தினமும் சாயங்காலம் வேலை முடிந்து அவளைத் தூக்குவார். ஹேமர்ஸ் மைதானம் அவர்கள் வீட்டு ஜன்னலில் தெரியும். "ஞாயித்துக்கிழமை வாங்களேன்" என்று பெர்னிஸ் கூப்பிட்டால், கோலீனுக்கு ஆஸ்பத்திரியில் டூட்டி இருக்கும், இல்லை குழந்தைக்குச் சளி இருக்கும், இல்லை வெஸ்ஸுக்கு மழைக்கு முன்னால் முடிக்க வேண்டிய கூரை இருக்கும். எல்லாமே உண்மைதான். அதனால்தான் கோபப்படவும் முடியவில்லை. நீலத் தொப்பி ஏறிவிட்டால், அந்தக் குழந்தை இந்த மைதானத்துக்கு வந்துதானே ஆக வேண்டும்? அவள் நினைப்பு அவ்வளவுதான்.

பாதி சீசனில் வரும் இடைவேளைக்கு முந்தைய கடைசி ஆட்டம் ஞாயிறு மதியம், மார்ஸ்டனில். ஹெரான்ஸும் ஹேமர்ஸும். தோற்றவர் கடைசி. உள்ளூர் வானொலியில் இதை யாரும் பெரிதாகச் சொல்லவில்லை. கடைசி இடத்துக்கான போட்டியை யார் சொல்வார்கள்? ஆனால் பெர்னிஸ் ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

எல்லோரும் வந்தார்கள். கோலீன், மடியில் வெள்ளைத் தொப்பியோடு மேபல், வெஸ், அவனுக்கு அந்தப் பக்கம் ஹார்லன். இந்தப் பக்கம் பெர்னிஸ், அவளுக்கு அடுத்து டாக்டர் ஆஸ்கர்.

"யாரு இன்னைக்குப் பந்து போடறது?" என்றார் ஹார்லன்.

"பௌலினோ" என்றார் ஆஸ்கர்.

"அந்தச் சின்னப் பையனா? போன தடவை பந்தைக் காவலாளி மேல எறிஞ்சானே, அவனா?"

"காவலாளி குறுக்க வந்தாரு" என்றாள் பெர்னிஸ்.

எலியேசர் பௌலினோ டொமினிகன் நாட்டிலிருந்து வந்த ஒல்லிப் பையன். கையில் வேகம் இருந்தது. பந்து எங்கே போகும் என்பது மட்டும் அவனுக்கே தெரியாது. அன்றும் அப்படித்தான் ஆரம்பித்தான். முதல் ஆளுக்கு எல்லாப் பந்தும் தப்பாகப் போட, அவன் மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு இலவசமாக முதல் பேஸுக்கு, ஓடிச் சேர வேண்டிய முதல் மூலைக்கு, நடந்தான். இரண்டாவது ஆளும் நடந்தான். மூன்றாவது ஆளும். ஒருவர்கூட அவுட் இல்லை, மூன்று பேஸிலும் ஆள், ஒரு நல்ல அடி விழுந்தால் ரன் போகும்.

பெர்னிஸுக்கு ஒரு பழக்கம் உண்டு. மூன்று பேஸும் நிரம்பினால் அவளால் பார்க்க முடியாது. எழுந்து ஹாட் டாக் வாங்கப் போய்விடுவாள். இந்த வருடம் நிறைய ஹாட் டாக் தின்றிருந்தாள்.

வரிசையில் நின்றபடி கூட்டத்தின் சத்தத்தை வைத்து ஆட்டத்தைக் கணித்தாள். ஒரு கைதட்டல். கொஞ்சம் நேரம் கழித்து இன்னொன்று. அப்புறம் ஒரு பெரிய ஆரவாரம். ரன் போனால் மார்ஸ்டன் இப்படிக் கத்தாதே என்று அவசரமாகக் கடுகுச் சாந்தைப் பிழிந்துகொண்டு ஓடி வந்தாள். பலகையில் ஹேமர்ஸுக்குப் பூஜ்யம். பௌலினோ அடுத்து வந்த மூன்று பேரையும் அவுட் ஆக்கியிருந்தான்.

சந்தோஷமாகத் திரும்பியவள் பேத்தியைப் பார்த்தாள். மேபல் தலையில் சிவப்புத் தொப்பி. நெற்றியில் சுத்தியல்.

"யார் செஞ்சது?"

நான்கு வரிசை தள்ளி ஒரு போலீஸ்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அத்தை, நான்தான் எலுமிச்சை ஜூஸைக் கொட்டிட்டேன். வெள்ளைத் தொப்பி நனைஞ்சு போச்சு" என்றான் வெஸ் மெதுவாக.

"வெயில் இப்படிக் கொளுத்துது, பச்சக்குழந்தை தலையை மொட்டையா விடுறதா? தற்செயலா என் பையில ஒண்ணு கிடந்துச்சு" என்றார் ஹார்லன். முகத்தில் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியவில்லை.

"தற்செயலா! கோலீன், நீயே தீர்ப்புச் சொன்னவ, பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கே?"

"அம்மா, நிழலுக்கும்மா. இது கணக்குல சேராது."

"சேராதா? இப்ப எடுக்கறேன் பாரு." பெர்னிஸ் கையை நீட்டினாள். அந்தக் கையை ஆஸ்கர் பிடித்துக்கொண்டார். நாற்பது வருடம் பல் பிடுங்கிய பிடி.

"தொடாதே பெர்னிஸ்."

"விடுங்க டாக்டர்."

"கேளு. மூணு பேரை நடக்க விட்டான். அப்புறம் இந்தத் தொப்பி ஏறிச்சு. அடுத்த பந்துல இருந்து ஒருத்தனும் தொடல. நான் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன்."

பின்வரிசையில் இருந்தவர்களும் தலையாட்டினார்கள். பெர்னிஸ் தொப்பியைப் பார்த்தாள், மைதானத்தைப் பார்த்தாள். ஓடுகிற அதிர்ஷ்டத்தை மாற்றி வைக்கக் கூடாது என்பது அவள் மற்றவர்களுக்கே சொல்லிக் கொடுத்தது. போன வருடம் தொடர்ந்து சில ஆட்டம் ஜெயித்தபோது ஆஸ்கரைச் சட்டையைத் துவைக்க விடாதவளும் அவள்தான்.

"ஒரே ஒரு இன்னிங்ஸ்" என்றாள். "அதுக்கு மேல என் பேத்தி தலையில சுத்தியல் இருக்காது."

இரண்டாவது இன்னிங்ஸில் மூன்று பேர் வந்தார்கள், மூன்று பேர் போனார்கள். மூன்றாவதிலும் அப்படியே. பெர்னிஸ் தொப்பியைப் பற்றிப் பேசவில்லை. நான்காவதில் ஹெரான்ஸ் ஒரு ரன் எடுத்தார்கள். அதைக்கூட அவர்கள் எடுத்தார்கள் என்று சொல்ல முடியாது. ஹேமர்ஸ் ஆள் ஒருவன் கையில் அழகாக வந்த பந்தைப் பிடித்து, தன் ஆட்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கே எறிந்துவிட்டான்.

"உங்க காவலாளி எங்க, அவரைப் பிடிக்கச் சொல்லியிருக்கலாமே?" என்று பெர்னிஸ் கேட்டாள். ஹார்லன் கடலையை உரித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

ஆறாவது இன்னிங்ஸில் மைதானத்தில் ஒரு விதமான அமைதி வந்தது. பலகையில் ஹேமர்ஸின் ஹிட் கட்டத்தில், அடித்துவிட்டு ஓடிப் பேஸைச் சேர்ந்தவர் கணக்கில், இன்னும் பூஜ்யம்தான் இருந்தது. ஆட்டம் முழுவதும் ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் ஒருவன் பந்து வீசி முடிப்பது மார்ஸ்டனில் யாரும் கண்ணால் பார்க்காத ஒன்று. அப்படி ஒன்று நடந்துகொண்டிருக்கும்போது அதைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது. சொன்னால் கெட்டுப்போகும். பெஞ்சில் பௌலினோ பக்கத்தில் ஒருவனும் உட்காரவில்லை, அவனோடு பேசவும் இல்லை. அம்மை கண்ட பிள்ளை மாதிரி தனியாக உட்கார்ந்திருந்தான். இருக்கைகளில் யாரும் இடம் மாறவில்லை. கழிப்பறைக்குப் போக எழுந்த ஒருவரை அவர் மனைவியே இழுத்து உட்கார வைத்தாள்.

ஆஸ்கர் பலகையைப் பார்த்தார். பிறகு பெர்னிஸைப் பார்த்தார். பிறகு தொப்பியைப் பார்த்தார்.

பெர்னிஸுக்குப் புரிந்தது. இனி அந்தத் தொப்பியை எடுக்க முடியாது.

ஹார்லனுக்கும் அதே நேரத்தில் புரிந்தது. "குழந்தைக்கு வேர்க்குது பாருங்க. பாவம். கொஞ்சம் காத்தாட..." என்று கையை நீட்டினார்.

"கையை எடுய்யா!" என்றாள் பெர்னிஸ்.

"என்னோட தொப்பிம்மா அது."

"இருந்துட்டுப் போகட்டும். நீங்கதானே வெச்சீங்க? வெயிலுக்கு வெச்சேன்னு சொன்னீங்க. வெயில் இன்னும் போகல."

"என் வாழ்க்கையிலயே சொந்தத் தொப்பியைத் திருப்பிக் கேட்டுக் கெஞ்சினதில்ல." ஹார்லன் மகனைப் பார்த்தார். "டேய், நீயாவது சொல்லேண்டா."

"நான் ஜூஸ் கொட்டினதோட என் பங்கு முடிஞ்சுதுப்பா" என்றான் வெஸ்.

கோலீன் சிரித்த சிரிப்பில் மேபல் குலுங்கினாள். தொப்பி ஒரு பக்கம் சரிய, பெர்னிஸ் பதறிப்போய் அதை நேராக்கினாள். தன் கையாலேயே சுத்தியலை நெற்றிக்கு நடுவில் கொண்டுவந்து வைத்தாள்.

எட்டாவது இன்னிங்ஸில் ஹார்லன் கடைசி ஆயுதத்தை எடுத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆமா, அந்தப் பலகையில ஹிட்டுங்கற கட்டத்துல என்ன போட்டிருக்கு, கண்ணாடி கொண்டு வரல..." என்று ஆரம்பித்தார். வாக்கியம் முடியவில்லை. ஆஸ்கர் ஒரு கை நிறையக் கடலையை அவர் வாயில் அடைத்தார். தோலோடு.

"பல்லுக்கு ஏதாவது ஆச்சுன்னா திங்கட்கிழமை வாங்க, இலவசம்" என்றார் டாக்டர்.

ஒன்பதாவது, கடைசி இன்னிங்ஸ். ஒன்றுக்குப் பூஜ்யம். முதல் ஆள் அவுட். இரண்டாவது ஆள் அவுட். இன்னும் ஒரே ஒருவன். எல்லோரும் எழுந்து நின்றார்கள். பௌலினோ தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்தான். பெர்னிஸ் மேபலை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் படிக்கட்டில் ட்ரினா வந்தாள். ஊர்ப் பத்திரிகையின் புகைப்படக்காரி. பெர்னிஸின் பஸ்ஸில் முன் இருக்கையில் உட்கார்ந்து வந்த பெண்.

"பேத்தியா?" என்றாள் கிசுகிசுப்பாக. "கூட்டத்தோட படம் ஒண்ணு வேணும். நாளைக்கு முதல் பக்கத்துல வரும். இப்படித் திரும்புங்க."

முதல் பக்கம். பெர்னிஸ் கஸ்லோவ்ஸ்கி, ஹெரான்ஸின் குரல், கையில் பேத்தி, பேத்தி தலையில் சுத்தியல். ஊர் முழுவதும் அதைக் காப்பியோடு பார்க்கும். பாதிரியார் பார்ப்பார். கெல்பர்னில் ஹார்லன் அதை வெட்டிக் கடை ஜன்னலில் ஒட்டுவார்.

ஒரே ஒரு நொடிதானே என்று அவளுக்குத் தோன்றியது. யாரும் பார்க்கவில்லை, எல்லாக் கண்ணும் பௌலினோமேல் இருந்தது. குழந்தையை முழங்கை மடிப்பில் தாங்கிக்கொண்டு ஒரு கையால் சிவப்பை எடுத்தாள், மறு கையால் பையிலிருந்து நீலத்தை இழுத்தாள்.

டக் என்று ஒரு சத்தம்.

மட்டையில் சரியாகப் படாத பந்து. தவழ்ந்து, தத்தி, இரண்டு ஆட்டக்காரர்களுக்கு நடுவே இருந்த சந்தில் நுழைந்து புல்லுக்குப் போய்ச் சேர்ந்தது. ஹிட். பலகையில் பூஜ்யம் போய் ஒன்று வந்தது.

முழு மைதானமும் பெருமூச்சு விட்டது. ஆஸ்கர் மெதுவாகத் திரும்பினார். மேபலின் மொட்டைத் தலையைப் பார்த்தார். பெர்னிஸின் ஒரு கையில் சிவப்பையும் மறு கையில் நீலத்தையும் பார்த்தார். அவருக்குப் பின்னால் ஒரு வரிசை திரும்பியது. அதற்குப் பின்னால் இன்னொன்று.

"அம்மா!" என்றாள் கோலீன்.

"பெர்னிஸ், என்ன காரியம் பண்ணிட்டே?" என்றார் ஆஸ்கர்.

நாலு வரிசை தள்ளியிருந்த போலீஸ்காரர் எழுந்து நின்று, முப்பது வருடத்து ஆசையைத் தீர்த்துக்கொண்டார். "பெர்னிஸ்! உட்காரு!"

அவள் உட்கார்ந்தாள். சிவப்புத் தொப்பியைத் திரும்ப மேபல் தலையில் வைத்து, காதுவரை இழுத்துவிட்டாள். முதல் பேஸில் ஆள் நிற்கிறான். அடுத்து வந்தவன் ஹேமர்ஸிலேயே பெரிய ஆள். அவன் பௌலினோவின் முதல் பந்தையே தூக்கி அடித்தான். பந்து உயர்ந்து உயர்ந்து வேலியை நோக்கிப் போனது. அங்கே நின்றவன் ஹெரான்ஸின் செட்ரிக். இந்த சீசனில் மழையைத் தவிர எதையும் அவன் கையில் பிடித்ததாக யாருக்கும் நினைவில்லை. பின்னால் ஓடினான், வேலியில் மோதினான், கையுறையை நீட்டினான், விழுந்தான். எழுந்தபோது கையுறைக்குள் பந்து இருந்தது.

ஹெரான்ஸ் ஜெயித்தது. கடைசி இடம் ஹேமர்ஸுக்கு.

ஆஸ்கர் பெர்னிஸைக் கட்டிப்பிடித்தார், பிறகு கோபம் நினைவு வந்து விட்டுவிட்டார். பெர்னிஸ் நீலத் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு மகளைப் பார்த்தாள்.

"ஜெயிச்சுட்டீங்கம்மா. போடுங்க" என்றாள் கோலீன்.

ஹார்லனும் நியாயமானவர்தான். "வார்த்தைன்னா வார்த்தை. என்னோடதைக் குடுத்துடுங்க சம்பந்தியம்மா, கிளம்பறேன்" என்று கையை நீட்டினார். அந்த அவசரத்தில் துக்கத்தைவிட நிம்மதி அதிகம் தெரிந்தது.

யாரும் கலையவில்லை. நான்கு வரிசையும் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. ஆஸ்கர் வானத்தைப் பார்த்து, யாருக்கோ சொல்வது மாதிரிச் சொன்னார்: "இடைவேளை முடிஞ்சு வெள்ளிக்கிழமை பௌலினோதான் பந்து போடறான். அதுக்கப்புறமும் அஞ்சு நாளைக்கு ஒரு தடவை அவன்தான்."

பெர்னிஸ் தொப்பியைப் பார்த்தாள். தொப்பிக்குக் கீழே மேபல் எதையும் காதில் போட்டுக்கொள்ளாமல் தூங்கிக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை. அதற்கு அடுத்த வாரம். அப்புறம் ஆகஸ்ட் முழுவதும். தொப்பி மட்டும் வந்து பயன் இல்லையே, தலையும் வர வேண்டும். தலை வந்தால் கோலீனும் வர வேண்டும். அவளுக்கு மெல்லச் சிரிப்பு வந்தது.

நீலத் தொப்பியை மடித்துக் கைப்பையில் போட்டு மூடினாள்.

"தர மாட்டேன்" என்றாள் ஹார்லனிடம்.

"என்னது?"

"உங்க தொப்பிதான் முதல் தொப்பி. ஊர் முன்னால ஒத்துக்கறேன். ஆனா பௌலினோ இங்க பந்து போடற ஒவ்வொரு தடவையும் இது இந்தத் தலையில, இந்த இடத்துல இருக்கணும். கோலீன், ஆஸ்பத்திரியில டூட்டியை மாத்திக்கோ. இது நான் கேக்கல, ஊர் கேக்குது."

"சளி புடிச்சாலும் கூட்டிட்டு வாங்க, நான் பார்த்துக்கறேன்" என்றார் பல் டாக்டர்.

ஹார்லன் வாங்கிய தொப்பி, அவர் பேத்தி தலையில், அவர் கேட்டபடியே. அதை வைத்தே இவர்கள் வருடம் முழுவதும் அவர் அணியைக் கடைசியிலேயே வைத்திருக்கப் போகிறார்கள். "இதை நான் கெல்பர்ன்ல எப்படிம்மா சொல்லுவேன்?" என்றார் கடைசியில்.

"சொல்லாதீங்க. கூடவே வந்து உக்காருங்க. கடலை டாக்டர் வாங்கித் தருவாரு."

மறுநாள் பத்திரிகையின் முதல் பக்கத்தில் படம் வந்தது. இரண்டு கையிலும் இரண்டு தொப்பி, திறந்த வாய், நடுவில் மொட்டைத் தலையோடு ஒரு குழந்தை. கெல்பர்னில் அதைக் குழாய்க் கடை ஜன்னலில் ஒட்டியிருப்பதாகக் கேள்வி.

வியாழக்கிழமை பெர்னிஸ் மகளுக்குப் போன் செய்தாள். முன்பெல்லாம் "முடிஞ்சா வாங்களேன்" என்று ஆரம்பிப்பாள். அன்று பஸ் ஓட்டும் குரலில் பேசினாள்.

"நாளைக்கு ஏழு மணி ஆட்டம். ஆறுக்கே வந்துடுங்க. வெஸ்ஸை அதே இடத்துல ஜூஸைக் கொட்டச் சொல்லு. வெள்ளைத் தொப்பியும் கொண்டு வாங்க, அதான் நனையணும்."

"சரிம்மா, வர்றோம்" என்றாள் கோலீன், சிரித்துக்கொண்டே.